தோட்டப் பாடசாலையில் தப்பும் கூத்தும் பழக்கிய அனுபவம்

தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கான சுற்றறிக்கை வந்து சேர்ந்ததும், இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் கிராமிய நடனத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் வேலை ஆரம்பமாகிவிடும். ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளில் அழகியல் பாடம் கற்பித்த காலத்தில் கோட்ட மட்ட, வலய மட்ட மேடைகளில் நான் அதிகமாகக் கண்டவை நாற்று நடும் நடனமும் வலை இழுக்கும் நடனமுமே. ஆடிய பிள்ளைகளோ தலைமுறை தலைமுறையாகத் தேயிலை மலைகளில் வேலை செய்யும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் ஒருவனின் தகப்பன் மன்மதன் கதையை ஆடும் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டுபவராக இருப்பார். இன்னொருத்தியின் பாட்டி மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடிக்கும்போது பாட்டெடுத்துக் கொடுப்பவராக இருப்பார். நாற்று நடும் நடனத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் தங்கள் வீட்டில் இருப்பதைப் பாடசாலை ஒருபோதும் கேட்கவில்லை என்பதைப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே விளங்கிக்கொள்கிறார்கள்.

நான் முயன்று பார்த்த ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம் ஒன்றுண்டு. எந்தப் பாட்டைக் கற்பிக்கிறோம், எந்த ஆட்டத்தைப் பழக்குகிறோம் என்பதைவிட, அதற்கு உரியவரிடம் கேட்டு, அதற்குரிய காலத்தில், அவர் வகுக்கும் எல்லைக்குள் நின்று கற்பிக்கிறோமா என்பதே அது பிள்ளைகளிடம் தங்குமா தங்காதா என்பதை முடிவு செய்கிறது. இனி நான் எழுதுவதெல்லாம் அந்த எண்ணம் எப்படி உருவானது என்பதைப் பற்றியதும், இதே வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படக்கூடிய நடைமுறை விடயங்களுமே.

முதலில் நாங்கள் செய்தது கேட்டுவரும் வேலை. ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளிடம், வீட்டில் யார் தாலாட்டுப் பாடுவார், யார் தப்பு என்னும் தோல்மேளம் அடிப்பார், யார் எந்தக் கூத்தில் எந்த வேடம் கட்டினார் என்று கேட்டு எழுதிவரச் சொன்னோம். இதில் நாள் பார்ப்பது முக்கியம். கொழுந்தெடுத்துவிட்டு மாலையில் வீடு திரும்பி, அடுப்பு மூட்டி, தண்ணீர் பிடித்து வைக்கும் தாயிடம் போய், "அம்மா, ஒரு பாட்டுப் பாடுங்க" என்றால் கிடைப்பது பாட்டாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமைப் பகலும் வேலையில்லாத போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களும்தான் பொருத்தமானவை. சம்பள நாளையும் அதற்கு அடுத்த நாளையும் தவிர்ப்பது நல்லது. காரணம் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். இப்போது பெரும்பாலான வீடுகளில் கைத்தொலைபேசி இருப்பதால், எழுதுவதோடு பதிவு செய்துவரவும் சொன்னோம். எழுத்தில் வரும் பாட்டைப் பிள்ளைகள் தங்களையறியாமலே பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றிவிடுகிறார்கள். "தொரை" என்று பாட்டி பாடியது கொப்பியில் "துரை" ஆகிவிடும்; அத்துடன் பாட்டின் ஓசையும் தடுக்கிவிடும். பதிவு இருந்தால் பாட்டு அதன் வாயோசையோடு நிற்கும்.

இந்தத் தேடலில்தான் காலமும் இடமும் பற்றிய முதல் பாடத்தைப் பாட்டிமார் எங்களுக்குக் கற்பித்தார்கள். தாலாட்டையும் கும்மிப் பாட்டையும் அவர்கள் தயங்காமல் பாடினார்கள். ஒப்பாரி என்று கேட்டதும் மறுத்துவிட்டார்கள். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி வைத்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. நம்பிக்கையைப் பிள்ளைகளின் முன்னால் வாதத்துக்கு எடுக்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டோம். பிறகு ஒரு பாட்டியே வழி சொன்னார்: வீட்டில் பாட முடியாது, பாடசாலைக்கு வந்து ராகம் போடாமல் வார்த்தையை மட்டும் சொல்கிறேன் என்றார். மரத்தடியில் அமர்ந்து, வசனம் பேசுவதுபோல் அவர் சொன்ன அடிகளைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அந்த வகுப்பில் ஒப்பாரியை யாரும் பாடவில்லை. ஆயினும் அது எப்போது, யாருக்காக, எந்த உறவினரால் பாடப்படுவது என்பதை வேறெந்தப் பாட்டைவிடவும் தெளிவாக அவர்கள் அறிந்துகொண்டார்கள்.

வரலாற்றுப் பாடத்துக்கு இந்தப் பாடல்கள் எவ்வளவு உதவும் என்பதை அனுபவத்தில்தான் கண்டேன். "கோண கோண மலையேறி" என்று தொடங்கும் பாட்டு மலையகத்தில் பலருக்கும் தெரியும். அதில் பறிக்கப்படுவது கோப்பிப் பழம். ஒரு பழம் தவறியதற்காகச் சின்னத்துரையிடம் (தோட்டத்து உதவி மேலாளரிடம்) உதை வாங்கியதைச் சொல்லும் பாட்டு அது. தேயிலையைத் தவிர வேறு பயிரைத் தோட்டத்தில் கண்டிராத பிள்ளைகள், கோப்பி எங்கிருந்து வந்தது என்று உடனே கேட்டார்கள். அங்கிருந்து பாடம் தானாகவே நகர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த மலைகளில் காடு வெட்டிப் பயிரிடப்பட்டது கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் கண்டு, அடுத்து வந்த ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு முன்னதாக 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டிருந்தார். ஆகவே கோப்பியைப் பற்றிய பாட்டு, இன்று நாம் காணும் தேயிலைத் தோட்டத்துக்கு முந்திய வாழ்க்கையிலிருந்து வந்தது. பாட்டன் பூட்டன் வாய்வழியாக வந்த நாலு வரியைக் கொண்டு அதன் காலத்தைத் தாங்களே கணித்ததில் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, ஆண்டுகளை மனப்பாடம் செய்யவைத்தபோது நான் கண்டிராதது. பாட்டு வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு, சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளியான "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" பெரும் துணையாகும். ஆனால் தொகுப்பிலுள்ள வடிவமே சரி, வீட்டுப் பாட்டியின் வடிவம் பிழை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடக் கூடாது.

வழிநடைப் பாடல்களுக்குத் தேசப்படம் உதவியது. தென்னிந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி, வன்னிக் காடுகளைக் கடந்து, மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்களின் பாதையைப் படத்தில் வரையவைத்தோம். மலையக மக்களின் 200 ஆண்டு நினைவையொட்டி 2023ஆம் ஆண்டு அதே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி சென்றதைப் பிள்ளைகள் செய்திகளில் பார்த்திருந்தமையால், அந்தப் பாதை அவர்களுக்குப் பழைய கதையாகத் தோன்றவில்லை.

இனித் தப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையகத்தின் இசையில் தப்பு இல்லாத இடம் அரிது. விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, அழைத்ததும் தப்புத்தான். சாமி புறப்பாட்டுக்கும், காமன் ஆட்டத்துக்கும், சாவுக்கும் முழங்குவதும் தப்புத்தான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. லயத்துக்குள் (தொழிலாளர் வரிசை வீட்டுக்குள்) இருந்தபடியே, தூரத்தில் கேட்கும் அடியைக் கொண்டு அங்கே நடப்பது திருவிழாவா இழவா என்று சொல்லிவிடக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாடசாலைக்குள் தப்பைக் கொண்டுவர எண்ணியபோது எழுந்த எதிர்ப்பு, நான் எதிர்பார்த்த இடத்திலிருந்தே வந்தது. "எம் புள்ள தப்படிக்கிறதுக்கா பள்ளிக்கூடம் போகுது?" என்று கேட்ட தாய்மார் ஒரு பக்கம், சாதிப் பெயரை வாயால் சொல்லாமல், பார்வையாலேயே சொல்லிவிட்டுப் போனவர்கள் இன்னொரு பக்கம். தப்படிக்கும் குடும்பங்களிலிருந்தும் எதிர்ப்பு வந்ததைக் குறிப்பிட வேண்டும். தங்கள் பிள்ளை படித்து வேறு தொழிலுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படும் தகப்பனுக்கு, அந்தத் தப்பையே பாடசாலை மறுபடியும் அவன் கையில் கொடுக்கிறது என்று தோன்றியதில் நியாயம் இருந்தது.

இதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு மிக எளிமையானது. எந்தப் பிள்ளையும் குடும்பத்தைப் பார்த்து ஒரு வாத்தியத்துக்கு ஒதுக்கப்படக் கூடாது. வகுப்பில் உள்ள எல்லோரும் தப்பையும் பிடிக்க வேண்டும், கோலாட்டக் கம்பையும் பிடிக்க வேண்டும், பாட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். பெண் பிள்ளைகளும் அப்படியே. ஒரு பிள்ளைக்கு ஏற்கெனவே தப்படிக்கத் தெரியும் என்பதற்காக அவனையே எப்போதும் அடிக்கவிடுவது ஆசிரியருக்குச் சுலபம். ஆனால் தோட்டத்தில் இருக்கும் சாதிப் பிரிவைப் பாடசாலையும் வழிமொழிந்ததாகவே அது முடியும். கலைஞரை வரவேற்கும் முறையும் இதே அளவு முக்கியமானது. தப்படிக்க வந்த பெரியவர் அதிபரின் அறையில் ஆசிரியர்களுக்குச் சமமாக நாற்காலியில் அமர்ந்து, அதே கோப்பையில் தேநீர் அருந்துவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்கள். இரண்டு நாளில் ஆசிரியர்களும் அப்படியே அழைக்கத் தொடங்கினார்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். வேலை நாளில் அவரை அழைத்தால் அவருக்கு ஒரு பேர் போய்விடும். அதாவது தோட்டத்தில் அன்றைய நாளுக்குரிய சம்பளம் கிடைக்காது. கலைக்குச் செய்யும் சேவை என்று சொல்லி அதை அவர் தலையில் கட்டுவது அநியாயம். எங்கள் பாடசாலையில் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேசி, ஒரு நாள் பேருக்குக் குறையாத தொகையைக் கொடுத்தோம். ஓய்வுபெற்ற கலைஞர்கள் கிடைத்தால் வார நாட்களில் வருவார்கள். வேலையில் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை பிற்பகலே வசதி.

தப்பு நுட்பமான வாத்தியம். மரச் சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டியிருப்பார்கள். மலைக் குளிரிலும் பனிமூட்டத்திலும் தோல் ஈரம் வாங்கித் தொய்ந்துவிடும், ஓசை மங்கிவிடும். ஆகையால் அடிப்பதற்கு முன் நெருப்பில் சூடு காட்ட வேண்டும். அதற்குக் தேயிலைச் செடிகளைக் கத்தரித்த கவ்வாத்து மலையில் கிடைக்கும் காய்ந்த மிலாறு (வெட்டிய கிளைகள்) நன்றாக எரியும். சூடு காட்டும்போது தப்பை நெருப்பின்மேல் நிறுத்திவைக்காமல் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும், தோல் இறுகியதைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தட்டிக் காதால் அறிய வேண்டும் என்பதும் மாஸ்டர் கற்பித்த முதல் பாடம். வலக்கையில் குட்டையும் தடிப்புமான குச்சி, இடக்கையில் மெல்லிய நீண்ட மூங்கில் சிம்பு. இரண்டும் வேறு வேறு ஓசை தரும். வாத்தியங்கள் குறைவாகவும் பிள்ளைகள் அதிகமாகவும் இருந்தமையால், முதல் சில வாரங்களுக்கு அடிகளை வாயால் சொல்லிக்கொண்டு மேசை விளிம்பில் இரண்டு குச்சிகளால் தட்டினார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரின் பொறுமையை முன்கூட்டியே கேட்டுப் பெற்றுக்கொள்வது அவசியம். சாவு அடியைப் பாடசாலைக்குள் அடிக்க மாட்டேன் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அதன் கணக்கை மட்டும் கைத்தட்டிக் காட்டினார். அதற்கு மேல் நாங்கள் வற்புறுத்தவில்லை.

காமன் கூத்தில்தான் எல்லை என்பது எவ்வளவு நுணுக்கமானது என்று விளங்கியது. மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறை கண்டு காமன் கம்பம் ஊன்றி, பௌர்ணமியையொட்டி மன்மதன் தகனம் நடக்கும். சிவனின் தவத்தைக் கலைக்கத் தக்கன் யாகத்தின் பின்னணியில் மன்மதன் புறப்படுவதும், ரதி தடுப்பதும், சிவனின் நெற்றிக்கண்ணால் அவன் எரிவதும், ரதியின் புலம்பலும், அவன் உயிர்பெறுவதும் கதை. தோட்டத்தில் இது பொழுதுபோக்குக்காக ஆடப்படுவதில்லை. ரதியும் மதனும் ஆடுபவர்கள் விரதம் இருப்பார்கள்; நேர்த்திக்காக வேடம் கட்டுபவர்களும் உண்டு. கலைவிழாவுக்காகத் தகனக் காட்சியை ஆடிக் காட்டலாமா என்று நான் கேட்டபோது, கூத்தைப் பழக்கும் காமன் மாஸ்டர் சிரித்துக்கொண்டே மறுத்தார். "சார், காமன் வெளையாட்டில்ல. கம்பம் ஊனாம தகனம் ஆடக் கூடாது. ரதி மதன் வரவு ஆடலாம், தர்க்கம் ஆடலாம். அதோட நிப்பாட்டிக்கணும்" என்றார். நிகழ்ச்சி நிரலில் உச்சக்கட்டமே இல்லாத கூத்தை மேடையேற்றுவது சரியா என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். தகனம் பார்க்க வேண்டுமானால் மாசியில் கூத்து நடக்கும் திடலான காமன் பொட்டலுக்கு வாருங்கள் என்று அறிவிப்பாளராக நின்ற மாணவி மேடையிலேயே சொன்னாள். அழைப்பிதழ் கொடுத்தாலும் வராத சிலர் அந்த ஆண்டு காமன் பொட்டலுக்கு வந்திருந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் எழுந்தது. காமன் பொட்டலில் ரதியாக ஆடுவது ஆண்களே. வகுப்பில் ரதியின் வரவை மிக நன்றாக ஆடியவள் ஒரு மாணவி. பாடசாலையில் அவள் ஆடட்டும், பொட்டலில் வழமை வழமையாகவே இருக்கட்டும் என்று மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். அவளுக்கு அது முழுத் திருப்தி தரவில்லை, எனக்கும் தரவில்லை. ஆனால் அந்த வழமையை மாற்றுவதா வேண்டாமா என்பது அந்தத் தோட்டத்து மக்கள் பேசி முடிவு செய்ய வேண்டிய விடயம். பாடசாலை தன் வளவுக்குள் அவளுக்கு இடம் கொடுக்கலாம். பொட்டலுக்குப் போய் உத்தரவு போட முடியாது.

கூத்து விடியும்வரை நடக்கும் இரவுகளுக்கு மறுநாள் வரவு குறையும். அதைக் கண்டிப்பதில் பயனில்லை. நாங்கள் அந்த இரவையே பாடமாக்கினோம்: யார் எந்த வேடம், எந்த இடத்தில் தப்பின் அடி மாறியது, எந்தப் பாட்டுக்குக் கூட்டம் சேர்ந்து பாடியது என்று பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். நித்திரைக் கண்ணோடு எழுதிய குறிப்புகளாயினும், அவற்றில் இருந்த கவனம் சாதாரணக் கட்டுரைகளில் நான் காணாதது. அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் போன்ற பிற கூத்துகளும் மலையகத்தில் ஆடப்படுகின்றன. தோட்டத்துக்குத் தோட்டம் வழமை வேறுபடுவதால், பக்கத்துத் தோட்டத்தின் பாட்டு முறையை நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கும்போது அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மேடை என்பது இந்த ஆட்டங்களுக்கு இயல்பான இடமில்லை. கும்மியும் கோலாட்டமும் வட்டமாக ஆடப்படுபவை. ஆடுபவர் முகம் உள்நோக்கியிருக்கும். நடுவர்களுக்கு முகம் தெரிய வேண்டும் என்பதற்காக வட்டத்தை வரிசையாக உடைத்தால், எதிரில் இருப்பவரின் கையைப் பார்த்துத் தாளம் பிடிக்கும் வசதியை ஆடுபவர் இழந்துவிடுகிறார். சிறிய பிள்ளைகள் தாளம் தவறுவதற்கு இதுவே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன். முடிந்தவரை மைதானத்தில், பார்வையாளர் சுற்றிலும் நிற்க ஆடவைத்தோம். போட்டிக்குப் போகும்போது மட்டும் வட்டத்தை அரைவட்டமாகத் திறந்துகொண்டோம்.

உடையில் எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. விருந்தினர் வரும்போதெல்லாம் சிறுமிகளுக்கு முதுகில் சிறிய கூடை கட்டிக் கொழுந்து பறிக்கும் நடனம் ஆடவைப்பதை மலையகத்தின் மரபுக் கலை என்று காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அது தாயின் கூலி வேலை. மழையிலும் அட்டைக்கடியிலும் செய்வது. பளபளக்கும் பட்டுப் பாவாடையோடு அதைப் புன்னகை மாறாமல் ஆடும்போது அந்த வேலையும் பொய்யாகிறது, ஆட்டமும் பொய்யாகிறது. உழைப்பைப் பற்றி ஆட வேண்டுமானால், இடுப்பில் படங்கு என்னும் சாக்குத் துணி கட்டி, தலையில் கொங்காணி என்னும் மழைக்காப்புப் போர்வை போட்டு ஆடுங்கள் என்று சொன்னேன். முதலில் மாணவிகளுக்கு அது வெட்கமாக இருந்தது. தங்கள் தாய்மாரிடம் படங்கு கட்டும் விதத்தைக் கேட்டுவரச் சொன்னபோது, சில தாய்மாரே பாடசாலைக்கு வந்து கட்டிக் காட்டினார்கள். அதன் பிறகு வெட்கம் பெரும்பாலும் மறைந்தது. முற்றாக மறைந்தது என்று சொல்ல மாட்டேன்.

சில சின்ன விடயங்களும் உண்டு. கோலாட்டத்துக்குக் கடையில் வாங்கும் வர்ணக் கம்பைவிடக் காய்ந்த கொய்யாக் கம்பு நல்லது; எளிதில் பிளக்காது, ஓசையும் கணீரென்று இருக்கும். முனையை மழுக்கிவிட வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தகரக் கூரையின்கீழ் பாட்டுப் பழக்க முயல வேண்டாம்; மழைச் சத்தத்தில் பிள்ளைகள் கத்திப் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார்கள். அந்த வாரங்களை எழுதுவதற்கும் கதை கேட்பதற்கும் வைத்துக்கொள்ளலாம். அருகிலுள்ள சிங்களப் பாடசாலையோடு ஒரு பரிமாற்ற நாள் வைத்தோம். அவர்கள் கண்டிய நடனத்துக்குரிய 'கெட்ட பெர' என்னும் மேளத்தை அடித்துக் காட்டினார்கள், எங்கள் பிள்ளைகள் தப்பை அவர்கள் கையில் கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளராக நிற்க வந்த ஆசிரியருக்கு அன்று வேலை அதிகம் இருக்கவில்லை.

பதிவுகளை என்ன செய்வது என்பதையும் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டும். பாடியவரின் அனுமதியில்லாமல் எந்தப் பதிவையும் இணையத்தில் ஏற்றுவதில்லை என்று பிள்ளைகளிடம் உறுதி வாங்கினோம். ஒவ்வொரு பதிவின் பிரதியும் பாடியவரின் குடும்பத்துக்குப் போனது. பாடசாலையில் இருப்பது இரண்டாவது பிரதி. பாட்டின் பெயர், பாடியவரின் பெயர், தோட்டம், தோட்டத்தின் பிரிவு, பாடப்படும் சந்தர்ப்பம் ஆகியவற்றை ஒரு பேரேட்டில் எழுதிவைத்தால், ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனாலும் அடுத்து வருபவர் தொடரலாம். இந்தப் பேரேடு இல்லாத பாடசாலைகளில் ஒவ்வொரு புதிய ஆசிரியரும் மறுபடி நாற்று நடும் நடனத்திலிருந்தே தொடங்குவதைக் கண்டிருக்கிறேன்.

காமன் கூத்தைச் சேர்த்துக்கொள்ள எண்ணும் ஆசிரியர்கள், முதலாம் தவணை ஆரம்பித்த பின் மாஸ்டரைத் தேடிப் போனால் பிந்திவிடும். தைப்பொங்கல் முடிந்ததும் அவர் கம்பத்துக்கும் வேடங்களுக்கும் ஆள் பார்க்கத் தொடங்கிவிடுவார். கோயில் கமிட்டியும் பணம் சேர்க்கும் வேலையில் இறங்கிவிடும். முந்திய ஆண்டின் மூன்றாம் தவணையிலேயே, கமிட்டித் தலைவரையும் கூட்டிக்கொண்டு ஒரு போயா தினத்தில் போய்ப் பேசுங்கள். உங்கள் தோட்டத்தில் கூத்து நின்றுபோயிருந்தால் பக்கத்துப் பிரிவில் விசாரியுங்கள். பெரும்பாலும் பழைய மதனோ பழைய ரதியோ பென்சன் எடுத்துக்கொண்டு அங்கேதான் இருப்பார்.